மூடியில் ஒட்டிய பெயர்

மெக்கானிக் கோமதிநாயகம் இறந்துவிட்ட செய்தி எனக்கு ஒரு படத்தோடு வந்தது. காலையில் பூச்சந்தைப் பக்கம் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது, நம் குழுவின் வாட்ஸ்அப்பில் அதைப் போட்டிருந்தார்கள். நாயகம் அண்ணாச்சி ஒரு நீலக் கருவிப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடையில் நிற்கிறார். மூடி திறந்திருக்கிறது. உள்ளே எழுபத்திரண்டு கருவிகள் பளபளக்கின்றன. அவர் பெட்டியையும் பார்க்கவில்லை, படம் எடுப்பவரையும் பார்க்கவில்லை. கீழே, "நம் திட்டத்தின் கருவிகளைத் தேர்ந்தெடுத்துத் தந்த அண்ணாச்சி இன்று காலை நெஞ்சுவலியால் காலமானார்" என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

நான் கை அனுப்பவில்லை. அந்தச் செய்தியில் அவர் இறந்தது மட்டும்தான் உண்மை. அந்தப் பெட்டியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தேன். அவரை அறிந்த உங்களுக்கு நான் எழுதும் இந்த அஞ்சலியை வேறு எந்த இடத்திலிருந்தும் என்னால் தொடங்க முடியவில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் சிறிய குழு எங்களுடையது. மெக்கானிக் பயிற்சி முடித்தும் கடை போட வழியில்லாதவர்களுக்கு முதல் கருவிப்பெட்டியை வாங்கித் தருவது எங்கள் வேலை. முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு வந்த என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்கு ஸ்பேனரும் தெரியாது, சாக்கெட்டும் தெரியாது. ஆகவே கழுகுமலை சாலையில் ஷெட் வைத்திருந்த நாயகம் அண்ணாச்சியிடம் போய், அந்த வருடம் நாங்கள் தேர்ந்த ஒன்பது பேருக்குத் தரும் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் தந்த வண்ணப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஒம்பது பேரும் எங்கன கடை போடப் போறாவ டீச்சர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. "அது தெரியாம என்னத்தை எழுத? டவுனுக்குள்ள பைக் பாக்கவனுக்கு ஒண்ணு வேணும். குருவிகுளத்துல கிணத்து மோட்டார் பாக்கவனுக்கு வேற வேணும். நீங்க எட்டாப்புப் புத்தகத்தை அஞ்சாப்புப் பிள்ளைக்குக் கொடுப்பீகளா?" என்றார். நான் ஊர்ப்பெயர்களைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். அடுத்த பத்து நாளில் அவர் தன் பழைய வண்டியில் குருவிகுளம், மேலநீலிதநல்லூர், இளையரசனேந்தல் என்று எல்லா இடத்துக்கும் போய்வந்தார். கடைகளைப் பார்க்க அல்ல, போல்ட்டுகளைப் பார்க்க. எந்த ஊரில் என்ன வண்டி ஓடுகிறது, கிணற்றுமேட்டில் எந்தக் காலத்து மோட்டார் இருக்கிறது, தறி எத்தனை வருடத்துத் தறி என்று பார்த்து, ஒவ்வொரு போல்ட்டின் அளவுக்கும் ஒரு கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தார். தினக்காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கம் முழுக்கக் கோடுகள்.

நான் நம்பாமல் பார்த்தேன் போலிருக்கிறது. ஷெட்டின் மூலையில் இருந்த எண்ணெய் டின்னை என் முன்னால் கவிழ்த்தார். பல வருடமாகக் கழற்றிப் போட்ட போல்ட்டுகள். "பிரிச்சு வைங்க டீச்சர். உங்க கண்ணால எண்ணுங்க" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து பிரித்தேன். பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு ஆகிய நான்கு மில்லிமீட்டர் அளவுகளில்தான் பெரிய குவியல்கள் எழுந்தன. ஒன்பதிலும் பதினொன்றிலும் பதினைந்திலும் அளவுக்கு ஒன்றிரண்டு. இதைத்தான் நான் முப்பத்தொரு வருடமாகக் கரும்பலகையில் அலைவெண் பட்டியல் என்று எழுதிப்போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். அதை ஒருவர் தரையில் கொட்டிக் காட்டியது அன்றுதான்.

குவியலிலிருந்து ஒரு பழைய போல்ட்டை எடுத்து, பதின்மூன்றாம் எண் ஸ்பேனரை அதில் மாட்டி ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஆடியது. "இது இஞ்ச் போல்ட். அரை இஞ்ச். பழைய மோட்டார் பூரா இதான். பதிமூணு ஏறும், நிக்காது. நாலு தடவை வழுக்குச்சுன்னா தலை உருண்டு போயிரும். பொறவு எந்த ஸ்பேனரும் ஏறாது." கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை அங்குலம் என்பது பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர். அக்காவின் செருப்பைத் தங்கை போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி. வீட்டுக்குள் நடக்கலாம், ஓடினால் விழுவாள்.

போல்ட்டின் தலையில் தொப்பி போல மாட்டும் சாக்கெட்டிலும் அப்படித்தான். உட்புறம் ஆறு பட்டை உள்ளதும் உண்டு, பன்னிரண்டு பட்டை உள்ளதும் உண்டு. பன்னிரண்டு என்றால் கூடுதல் பிடிமானம் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "பன்னெண்டு சீக்கிரம் மாட்டும் டீச்சர். ஆனா போல்ட்டோட மூலையைத்தான் பிடிக்கும். ஆறு பட்டைதான் பக்கத்தைப் பிடிக்கும்." ஊறுகாய் பாட்டில் மூடியை விரல் நுனியால் திருகுவதையும் உள்ளங்கையால் திருகுவதையும் நினைத்துப் பாருங்கள். துருப்பிடித்த மோட்டாரில் விரல் நுனி போதாது.

அவர் எழுதித் தந்தது இருபத்தொரு கருவிகள்தான். ஒரு பக்கம் வாயும் மறு பக்கம் வளையமும் உள்ள ஸ்பேனர்: எட்டு, பத்து, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினேழு, பத்தொன்பது. இவற்றில் பத்தும் பன்னிரண்டும் இரண்டிரண்டு. ஏன் இரண்டு என்று கேட்டேன். "போல்ட்டை ஒண்ணு பிடிக்கணும், நட்டை ஒண்ணு திருகணும். அது போக, பத்து எப்படியும் ஒண்ணு தொலையும். உலகத்துல தொலையாத பத்து கிடையாது" என்று சிரித்தார். ஆறு பட்டை சாக்கெட், பத்திலிருந்து பத்தொன்பது வரை ஆறு. சாக்கெட்டை மாட்டித் திருக ராட்செட் கைப்பிடி ஒன்று; இறுகிப்போன போல்ட்டை அசைக்க, ராட்செட் இல்லாத திடமான கைப்பிடி ஒன்று. வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் பிளக் ஸ்பேனர் ஒன்று. கடைசியாக மூன்று இஞ்ச் ஸ்பேனர்: அரை, ஒன்பது பதினாறு, முக்கால். தாளின் அடியில் இப்படி எழுதியிருந்தார்: "பெட்டி பெரிதாக இருக்கட்டும். மீதி இடம் காலியாக இருக்கட்டும். அவனுக்கு வேண்டியதை அவன் வாங்கிப் போடுவான்."

அந்தத் தாள் என்னை எவ்வளவு மகிழ்வித்தது என்றால், அன்றைக்கே அச்சகத்துக்குப் போய் ஒரு ஸ்டிக்கருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். "கருவிகள் தேர்வு: மெக்கானிக் கோமதிநாயகம், சங்கரன்கோவில்." ஒன்பது பெட்டிக்கு ஒன்பது போதும், ஐம்பதுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். சரி, ஐம்பது. அவருக்கு நான் செய்யும் மரியாதை என்று நினைத்தேன்.

பிறகு, பெட்டிகளுக்குப் பணம் தரும் நன்கொடையாளர் போனில் பேசினார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்னிடம் படித்தவர், வெளியூரில் நன்றாக இருப்பவர், ஊர் மேல் பற்று உள்ளவர். அண்ணாச்சியின் பட்டியல்படி அடுக்கிய மாதிரிப் பெட்டியின் படத்தை அனுப்பியிருந்தேன். "டீச்சர், பெட்டியைத் தொறந்தா பாதி காலியா இருக்கு. பாக்கவங்க கஞ்சத்தனம்னு நினைப்பாங்க. அதே விலைக்கு எழுபத்திரண்டு பீஸ் செட் கிடைக்குது டீச்சர். நம்ம பிள்ளைங்களுக்கு நிறையக் கொடுப்போமே" என்றார். எழுபத்திரண்டு பெரிதா, இருபத்தொன்று பெரிதா? இந்தக் கேள்விக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் விடையைத்தான் கணக்கு டீச்சரான நானும் சொன்னேன். குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டது நான். பெட்டிகள் வந்தன. பாதிக்கு மேல் குட்டிக் குட்டித் திருப்புளி முனைகள்; ஊரில் எந்த வண்டியிலும் இல்லாத அளவுகள்; எல்லா சாக்கெட்டும் பன்னிரண்டு பட்டை, மெல்லிய சுவர். இஞ்ச் ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை.

ஸ்டிக்கர்கள் மேசையில் இருந்தன. அடித்தது வீணாக வேண்டாம் என்று ஒன்பது மூடியிலும் என் கையாலேயே ஒட்டினேன்.

விழா அன்று மேடை ஏறியபோதுதான் அவர் அதைப் பார்த்தார். நன்கொடையாளர், "பிடிங்க அண்ணாச்சி, ஒரு படம்" என்று பெட்டியை அவர் கையில் வைத்தார். அந்தப் படம்தான் இப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. கீழே இறங்கியதும் என்னிடம் வந்து, குரலை உயர்த்தாமல், "டீச்சர், நான் இதை எழுதலையே. என் பேரைக் கிழிச்சிருங்க" என்றார். "விழா முடியட்டும் அண்ணாச்சி" என்றேன். விழா முடிந்தது. ஒன்பது பேரும் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து நான் அவருடைய ஷெட்டில் இருந்த நேரத்தில் மாரியப்பன் வந்தார். குருவிகுளத்தில் கடை போட்டவர், முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் பிள்ளைகள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் இருந்த நீலப் பெட்டியை அண்ணாச்சியின் காலடியில் போட்டார்.

"வே அண்ணாச்சி, உம்ம பேரு போட்ட பெட்டிதான இது? வாசியும். நல்லா வாசியும்!"

"ஏலே, முதல்ல உக்காரு. கையைத் தொங்கப் போடாத, வீங்கும்லா."

"வீங்குததுக்கு இனிமே என்ன இருக்கு? ரெண்டு விரலு போச்சு. மோட்டார் போல்ட்டுல பதிமூணை மாட்டி, கைப்பிடியில பைப்பைச் சொருகி ஒரு அமுக்கு அமுக்குதேன், சாக்கெட்டு ரெண்டாப் பொளந்து கை போய் மோட்டார்ல அடிச்சிருச்சு. எவன்ட்ட என்ன வாங்கிட்டு வே இதை எங்க தலையில கட்டுனீரு?"

அண்ணாச்சி பிளந்த சாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பேசியிருப்பேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு மீட்டர் தள்ளி, ஸ்டூலில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போய்த் தன்னுடைய பழைய தகர டின்னைக் கொண்டுவந்தார். கைபட்டுக் கைபட்டு வழவழத்த ஸ்பேனர்கள், ஆறு பட்டை சாக்கெட்டுகள், மூன்று இஞ்ச் ஸ்பேனர். "கட்டுப் பிரிச்ச பொறவு இதை வச்சு வேலை பாரு. அந்தப் பெட்டியைத் தொடாத" என்றார். மாரியப்பன் டின்னை எடுத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அவர் போன பிறகு, "நீங்க சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். இதைக் கேட்க எனக்கு வாய் இருந்தது பாருங்கள்.

"கை ஒடிஞ்சு வந்து நிக்கான். அந்நேரம் போய், நான் இல்லலே, டீச்சர்தான்னு சொல்லவா? அது நான் சொல்லுத வார்த்தை இல்ல. நீங்க சொல்லுத வார்த்தை." பிறகு, "வேற ஒண்ணும் வேண்டாம் டீச்சர். நாலு பேரு இருக்க கூட்டத்துல அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிருங்க" என்றார்.

ஆண்டுக் கூட்டத்தில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கூட்டத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள், அண்ணாச்சி கடைக்காரரிடம் கமிஷன் வாங்கிவிட்டார் என்ற பேச்சோடு மாரியப்பனின் கை ஊர் ஊராகப் பயணம் செய்துவிட்டது. இளையரசனேந்தலிலிருந்து மோட்டார் கொண்டுவருபவர்கள் வேறு ஷெட்டுக்குப் போனார்கள். டீக்கடையில், "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் எந்தக் கடைப் பெட்டி? நமக்கும் ஒண்ணு அமுக்கும்" என்று கேட்டுச் சிரித்தார்களாம். இருபத்தைந்து வருடம் அந்தக் கடையில் டீ குடித்தவர், வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ கொண்டுவர ஆரம்பித்தார். சிவப்பு பிளாஸ்க். ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். எனக்கும் ஒரு தம்ளரில் ஊற்றித் தருவார். நானும் குடித்தேன்.

ஆண்டுக் கூட்டத்தில் நன்கொடையாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடத்துக்கும் தருவதாகச் சொல்லியிருந்தார். அறிக்கையை நான்தான் வாசித்தேன். "கருவிகளின் தரம் குறித்துச் சில கருத்துகள் வந்துள்ளன. அவை பரிசீலிக்கப்படும்" என்று வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாவது வரிசையில், சலவைச் சட்டையில், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் வண்டியை எடுக்கும்போது, "கருத்து வந்துருக்குன்னு வாசிச்சீகளே டீச்சர், நடந்தே வந்துச்சோ, பஸ்ல வந்துச்சோ?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த வார்த்தையை என்னிடம் கேட்கவே இல்லை. நானும், அவர் மறந்துவிட்டார் என்று எனக்கு வசதியான ஒரு விடையை எழுதி, சரி போட்டுக்கொண்டேன். எட்டு மாதம் அப்படிப் போனது.

சாவு வீட்டுக்குப் போனபோது தெரு முனையிலேயே ஆளுயரத் தட்டி நின்றது. அதே படம், அதே நீலப் பெட்டி. "கருவிகள் தந்த கரங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி." நன்கொடையாளர் சொல்லி அனுப்பியது. உள்ளே போனதும் அண்ணாச்சியின் மனைவி ஆவுடைத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அழுகையை நிறுத்திவிட்டு, தெளிவாகப் பேசினார். "டீச்சர், அவிய போற வழியில அந்தப் பெட்டி நிக்கக் கூடாது. அதை இறக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாவ."

தட்டிக்குப் பக்கத்தில் நம் குழுவினர் நின்றிருந்தார்கள். இறக்கச் சொன்னேன். "எப்படி டீச்சர்? அனுப்புனவரு வருத்தப்படுவாருல்லா. சாவு வீட்டுல எதுக்கு?" என்றார் ஒருவர். அப்போதுதான் அந்த வார்த்தை வெளியே வந்தது. "அது அவரு எடுத்த பெட்டி இல்லை. அவரு எழுதித் தந்ததைத் தூரப் போட்டுட்டு நான் எடுத்த பெட்டி. அவரு பேரை ஒட்டினதும் நான்தான்." நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். அவர்தான் இல்லை.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மாரியப்பன் முன்னால் வந்தார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. "எப்ப டீச்சர் தெரியும் உங்களுக்கு?" என்றார். "முதல்லயே" என்றேன். "அன்னைக்கு ஷெட்டுல நீங்க உக்காந்துருந்தீகளே?" என்றார். ஆமாம் என்றேன். "அவரு கொடுத்த ஸ்பேனரை வச்சுத்தான் இத்தனை மாசமாக் கஞ்சி குடிக்கேன். அவரு மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசலையே டீச்சர். ரோட்டுல எதுக்க வந்தா வண்டியைத் திருப்பிட்டுப் போயிருவேனே." மடங்காத விரல்களோடு தட்டியின் கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். உதவ வந்தவர்களை விலக்கினார்.

நன்கொடையாளருக்கு எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. குழுவில் சிலர், போனவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் போதாதா, இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். அவரைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு இதுதான் வழி. நீலப் பெட்டி வைத்திருக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் ஒரு வேண்டுகோள். மூடியில் இருக்கும் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அவருடைய பட்டியலை மேலே முழுதாக எழுதியிருக்கிறேன். முடிந்தபோது ஒவ்வொன்றாக அதை வாங்குங்கள்.

என்னிடம் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, கோடுகள் போட்ட அந்தக் காலண்டர் தாள். மற்றது, ஒட்டாமல் பீரோவில் கிடந்த நாற்பத்தொரு ஸ்டிக்கர்கள். பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் மாரியப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வண்டியின் பின்னால் அண்ணாச்சியின் தகர டின் கட்டியிருந்தது. உள்ளே வரவில்லை. டீ வேண்டாம் என்றார். "அந்த ஸ்டிக்கர்ல ஒண்ணு தாங்க. அவரு எடுத்துக் கொடுத்தது இதுதான்" என்றார்.

கொடுத்தேன். டின்னின் மூடியைச் சட்டைத் துணியால் துடைத்து, நடுவில் வைத்து, மடங்காத விரல்களால் அழுத்தித் தேய்த்து ஒட்டினார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதி நாற்பது என்னிடம் இருக்கின்றன.